ஈசானிய மூலையில் நீ சொன்ன 'ஆமாங்க'

கண்ணு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அன்பு எங்கும் போய்விடவில்லை. கோபம் முதலில் பேசி முடிக்கட்டும் என்று அது ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் போனிலேயே இதையெல்லாம் கொட்டியிருப்பேன். ஆனால் கொட்டினால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். "செரீங்கம்மா" என்பாய். நான் இன்னும் கத்தினால் நீ இன்னும் மெதுவாக "செரீங்கம்மா" என்பாய். கடைசியில் நான் கத்தியதுதான் மிச்சமாகும், நடக்க வேண்டியது நடக்காது. கடிதத்துக்கு நடுவில் புகுந்து உன்னால் அப்படிச் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் மாமனுக்கும் நித்யாவுக்கும் படிக்கக் கொடுக்கப் போகிறேன். உன் அப்பா கண்ணாடியைத் தேடும் சாக்கில் தப்பித்துவிடுவார், அவருக்கு நானே படித்துக் காட்டுவேன். ஆகையால் உனக்கு ஏற்கெனவே தெரிந்ததையும் ஆதியோடந்தமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

மங்கலம் ரோட்டில், பனியன் துணியில் பழுது பார்த்துப் பிரிக்கும் நம் செக்கிங் யூனிட்டுக்குப் பின்னால் கிடந்த இடத்தில் இப்போது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கீழே செக்கிங்கும் பேக்கிங்கும். மேலே மூன்று மாடி, நம்மிடம் வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் தங்குவதற்கு. கட்டுகிறவன் என் தம்பி, உன் மாமன். அவன் மகள் நித்யாவுக்கும் உனக்கும் தை மாதம் கல்யாணம். நீ பெங்களூரில் மெட்ரோ சுரங்கம் தோண்டுவதற்கு முன்னால் மண்ணையும் பாறையையும் துளைபோட்டுப் பார்த்துச் சொல்லும் வேலையில் இருக்கிறாய். அதாவது, இந்தக் குடும்பத்தில் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் உண்டென்றால் அது நீதான். இதைப் படிக்கிறவர்கள் முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். படிக்காதவன் ஒருவன் தெரியாமல் செய்த தப்பைப் பற்றி நான் எழுதவில்லை.

போன கோடையில் நீ லீவில் வந்தபோது, வாடகைக்கு ஒரு பெட்டியும் சுருள் சுருளாக ஒயரும் எடுத்துக்கொண்டு வந்தாய். இடம் முழுக்க இரும்புக் கம்பிகளை அடித்து, ஒயரை மாட்டி, மண்ணுக்குள் கரண்டு விட்டாய். நான் மோர் கொண்டுவந்து நின்றேன். அப்பா, "என்றா, பூமிக்கு ஈசிஜி எடுக்கறியா?" என்று கேட்டுச் சிரித்தார். நீயும் சிரித்தாய். பொழுது சாயும்போது என்னைக் கூப்பிட்டு, "மூணு மூலையில பாறை கிட்டயே இருக்குதுங்கம்மா. இந்த ஈசானிய மூலையில மட்டும் கரண்டு நெம்பச் சுலுவா ஓடுது. அடியில ஈரமா, மெத்துனு எதோ கெடக்குது" என்றாய். உன் முகத்தில் அப்போது ஒரு மகிழ்ச்சி இருந்தது. ஒளிந்திருக்கிற ஒன்றைக் கண்டுபிடித்தவனுடைய மகிழ்ச்சி. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அந்த முகத்தைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

பிறகு நீதான் எனக்குப் புரியவைத்தாய். "நாம போர் போட்டமே, அப்ப கேசிங் பைப்பு எத்தன எறங்குச்சுன்னு நெனப்பிருக்குதுங்களா?" என்று கேட்டாய். எப்படி மறக்கும்? தென்மேற்கில் போட்ட பழைய போரில் கொஞ்சம் பைப் இறக்கியதுமே கெட்டிப் பாறை தட்டிவிட்டது. வாஸ்துப்படி தண்ணீர் ஈசானியத்தில், வடகிழக்கில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி இரண்டாவது போரை அந்த மூலையில் போட்டபோது, ரிக் வண்டிக்காரர் கொண்டுவந்த பைப் பத்தாமல் இன்னொரு வண்டி போய் எடுத்துவர வேண்டியிருந்தது. மண் சரியாமல் இருக்கத்தான் அந்தப் பைப், கெட்டிப் பாறை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் அந்த மூலையில் பாறை எவ்வளவு கீழே என்று யோசியுங்கள் என்றாய். நம் வீட்டில் எல்லாரும் அன்றைக்குத் தண்ணீர் வந்ததா என்று மட்டும்தான் பார்த்தோம். இந்த ஊரே பூமியிடம் கேட்கிற கேள்வி அந்த ஒன்றுதான். நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடக்கிறவருக்கு வேட்டி, துண்டு, தாம்பூலம் எல்லாம் கொடுப்போம். இத்தனை பாரத்தை உன்மேல் ஏற்றப் போகிறோமே, நீ தாங்குவாயா என்று பூமியிடம் கேட்க மட்டும் ஒருவரையும் கூப்பிட மாட்டோம்.

"ஆனா எடத்தச் சமம் பண்ண ஜேசிபி தோண்டறப்போ அந்த மூலையிலயும் கல்லு தட்டுச்சேடா" என்று நான் கேட்டேன். அதற்கு நீ சொன்னதைத்தான் இப்போது உன் மூஞ்சிக்கு நேரே திருப்பிக் காட்டப் போகிறேன். "அது பாறையாவும் இருக்கலாம். சேத்துக்குள்ள மொதந்துட்டிருக்கற பெரிய உருட்டுக்கல்லாவும் இருக்கலாம். மேல இருந்து பாத்தா ரெண்டுக்கும் ஒரே சத்தந்தான். கல்லுக்குள்ளயே தொளை போட்டு, கல்லத் தாண்டிக் கீழ போயிப் பாத்தாத்தான் தெரியும்" என்றாய். இன்னொன்றும் சொன்னாய். துணி பின்னும் நிட்டிங் மிஷினில் ஓர் ஊசி கெட்டால் துணி ரோல் நெடுகக் கோடு விழும், எந்த இடத்தில் விரித்துப் பார்த்தாலும் மாட்டிக்கொள்ளும். ஓட்டை அப்படியில்லை, அது ஓரிடத்தில்தான் இருக்கும், அந்த இடத்தை விரித்தால்தான் தெரியும். மூன்று இடத்தில் பார்த்து நன்றாக இருந்தது என்பதற்காக ஓட்டை இல்லையென்று ரோலைப் பாஸ் பண்ணுவீர்களா என்று என்னிடமே கேட்டாய். என் வேலையை வைத்தே உன் வேலையைச் சொல்லிக் கொடுத்தாயே என்று அன்றைக்கு எனக்கு உன்மேல் அவ்வளவு ஆசையாக இருந்தது. இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஏனென்றால் அதற்கப்புறம் ஆவணியில் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் பூஜை வந்தது. பூஜை எந்த மூலையில் போடுவார்கள்? அதே ஈசானியத்தில்தான். குழிக்குள் அந்தக் கல் தெரிந்தது, அதன்மேல் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். சொந்தபந்தம், ஒறம்பரை அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். உன் மாமன் கடப்பாரையால் கல்லைத் தட்டிக் காட்டினான், கணீர் என்று சத்தம் வந்தது. "என்னுங் மாப்ள, இன்ஜினியருங்க நீங்க சொல்லுங்க. பாறை தானுங்களே?" என்றான். அவன் கேட்கவில்லை, கேட்கிற மாதிரி உன்னைப் பெருமைப்படுத்தினான். உனக்கும் அது தெரியும். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கல்லைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், நித்யா நின்ற பக்கம் பார்த்தாய். பிறகு, "ஆமாங்க மாமா" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். உன் மாமன் உன் தோளில் தட்டினான். தேங்காய் உடைத்தார்கள், பொங்கல் கொடுத்தார்கள். நீயும் வாழையிலையில் வாங்கிச் சாப்பிட்டாய்.

அன்றைக்கே கேட்டிருப்பேன். சபையில் வேண்டாம், பூஜை நேரத்தில் வேண்டாம், தனியாகப் போய் மாமனிடம் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். நீ மறுநாள் பெங்களூர் பஸ் ஏறினாய். அந்த ஆமாங்க மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அது என்னவெல்லாம் வேலை செய்தது என்று உனக்குத் தெரியுமா? பேங்கில் இருந்து பார்க்க வந்தவர் மண் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டார். "எங்க மாப்ள மெட்ரோவுல இன்ஜினியருங்க, அவரே பாத்துச் சொல்லீட்டாருங்க" என்றான் உன் மாமன். கம்பி கட்ட வந்த மேஸ்திரி, இந்த மூலையில் இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாமுங்களா என்று கேட்டிருக்கிறார். அவருக்கும் அதே பதில். உன் வாயிலிருந்து மரியாதைக்காக வந்த ஒரு வார்த்தை, உன் படிப்பு, உன் கம்பெனி, உன் சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு இங்கே சர்டிபிகேட்டாக நடமாடிக்கொண்டிருக்கிறது. நீ வாயே திறக்காமல் இருந்திருந்தால்கூட யாராவது ஒருவருக்குச் சந்தேகம் மிச்சம் இருந்திருக்கும். நீ அதையும் துடைத்துவிட்டுப் போய்விட்டாய்.

எனக்கு இதில் எது அதிகமாக எரிகிறது தெரியுமா? போன வருடம் பெங்களூரில் ஒரு பெரிய கான்ட்ராக்டர் அவசரப்படுத்தியபோது, இன்னும் இரண்டு துளை போடாமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நீ மல்லுக்கு நின்ற கதையை நீயே வந்து சொன்னாய். அவர் மேலிடம்வரை போய் உன்னைப் பற்றிப் புகார் சொன்னார், நீ அசையவில்லை. நான் அந்தக் கதையை நம் செக்கிங் டேபிள் முழுக்கச் சொல்லிக்காட்டினேன். அப்படிப்பட்டவனுக்கு இங்கே என்ன வந்தது? அங்கே போகிற ரயிலில் ஏறுகிறவர்கள் உனக்கு யாரோ. அவர்களுக்காக நின்றாய். இங்கே நம் கூரைக்கடியில் தூங்கப் போகிற பிள்ளைகளுக்காக உன்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. ஊர்பேர் தெரியாதவனிடம் புலி, மாமனிடம் பூனை. இதற்குப் பேர் மரியாதை என்று என்னிடம் சொல்லாதே.

உனக்கு 'ங்க' போட்டுப் பேசக் கற்றுக்கொடுத்தது நான்தான். அதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை. நம் பேச்சில் இருக்கிற மரியாதை எனக்குப் பிடிக்கும், வெளியூர்க்காரர்கள் கேலி செய்தாலும் பிடிக்கும். ஆனால் ஒன்றைக் கவனித்துப் பார். நம் ஊரில் ஆமாம் என்பதற்கு மட்டும் 'ங்க' போடவில்லை. இல்லை என்பதற்கும் போடுகிறோம். "இல்லீங்க மாமா, ஒரு தொளை போட்டுப் பாத்துட்டுச் சொல்றனுங்க" என்று நீ சொல்லியிருந்தால் அதில் என்ன மரியாதைக் குறைச்சல்? உன் மாமனுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியிருக்கும். பொங்கல் இலையில் விழுவதற்குள் சரியாகியிருக்கும். மறுத்துப் பேசுவதற்கும் மரியாதையான சொல்லைக் கையில் வைத்திருக்கிற ஊரில் பிறந்துவிட்டு, பாதியை மட்டும் பேசிக்கொண்டு திரிகிறாய்.

நீ காலேஜில் படித்தபோது நம் சொந்தக்காரர் ஒருவரின் தறிக்குடோனில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. வரிசையாகத் தறி ஓடிக்கொண்டிருந்தபோது தரை உள்வாங்கி ஒரு தறி அப்படியே சாய்ந்தது. அடியில் பார்த்தால் பழைய கிணறு. என்றைக்கோ கட்டிங் வேஸ்ட் துணியையும் மண்ணையும் கொட்டி மூடி, அதன்மேல் தளம் போட்டிருந்தார்கள். தறி ஓட்டியவர் இன்றைக்கும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். அன்றைக்குக் கூட்டத்தில் நின்ற பெரியவர்கள் ஒவ்வொருவராக, "அங்க கெணறு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியுமே" என்றார்கள். நீ கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தாய். "எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குதுங்கம்மா, ஒருத்தருமே சொல்லலீங்க" என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். மண்ணைப் பற்றித்தான் படிப்பேன் என்று அதற்கப்புறம்தான் முடிவெடுத்தாய். அந்தப் பெரியவர்களாவது கட்டும்போது தங்களை யாரும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். உன்னைச் சபையில் நிறுத்தி வைத்துக் கேட்டார்கள்.

சரி, இப்போது நடந்திருப்பதைச் சொல்கிறேன். போனில் பாதிதான் சொன்னேன். ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. அதற்குச் சற்று முன்னால்தான் வாஸ்துப்படி தரைத்தொட்டி கட்டுவதற்காக அந்த மூலையை ஒட்டி ஒரு குழி வெட்டினார்கள். ஈசானியத்தில் தண்ணீர் இருக்க வேண்டுமாம். ஏற்கெனவே அடியில் இருக்கிற தண்ணீர் போதாதா, அதுதானே நம் தலைவலி! மழைநீர் முழுவதும் அந்தக் குழியில் நின்றது. போன வாரம் நான் போய்ப் பார்த்தபோது அந்த மூலைச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் சிமெண்ட் நிறம் மாறியிருந்தது. தலை நரைக்கும்வரை துணியில் ஒட்டும் தையலும் பார்த்த கண் இது, என்னிடமேயா மறைக்கிறார்கள்? கட்டையை எடுத்துச் சுரண்டினேன். குறுக்காக ஏறிப் போகிறது வெடிப்பு. சுவரோடு நிற்கவில்லை, அடியில் அஸ்திவாரத்தின்மேல் சுற்றி ஓடுகிற பெல்ட் கான்கிரீட்டையும் பிளந்துகொண்டு போகிறது. உன் மாமனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சுருக்க வெடிப்புங்கக்கா. எல்லாக் கட்டடத்துலயும் வரும். பூசீட்டா ஆச்சு" என்றான். பெல்ட்டும் பூச்சுமாதிரி சுருங்குமா சாமி என்று கேட்டேன். "மாப்ளயே பாத்துச் சொன்ன எடமுங்க" என்றான். மறுபடியும் நீ!

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். இந்த ரோட்டில் பாதிக் குடோன் அவன் கட்டியது, எல்லாம் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. அதனாலேயே அவனுக்குத் தைரியம். இத்தனை நின்றது, இதுவும் நிற்கும் என்கிறான். நின்றவையெல்லாம் நல்ல மண்ணில் நின்றன என்று அவனுக்குத் தோன்றவில்லை, தன் கைராசியில் நின்றன என்று நினைக்கிறான். உனக்கும் நித்யாவுக்கும் பொருத்தம் பார்க்க மூன்று ஜோசியரிடம் போனவன், இந்த மூலைக்கு ஒரே ஒரு துளை போடச் சொன்னால் முறைத்துக்கொள்கிறான். துளைக்கு ஆகிற செலவு முகூர்த்தப் புடவைக்கு ஆகிற செலவைவிடக் குறைவு, விசாரித்துவிட்டேன்.

உனக்கு போன் செய்தேன். வெடிப்பைப் படம் எடுத்து அனுப்பினேன். பெல்ட்டிலும் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டாய். நீ அப்படிக் கேட்டதிலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. பிறகு சொன்னாய்: "கல்யாணம் முடியட்டுமுங்கம்மா. அப்பறம் மாமாகிட்டப் பக்குவமாச் சொல்லிக்கறனுங்க." அப்போதுதான் போனை வைத்தேன். அப்பாவும் அன்றைக்கு அதையே சொன்னார். "அம்மணி, ஒறம்பரைக்குள்ள மனஸ்தாபம் எதுக்கு, தை பொறந்து நல்லபடியா முடியட்டும்" என்று. கல்யாணம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும்! முதல் மாடிக்கு சென்ட்ரிங் அடித்து முடித்துவிட்டார்கள், இந்த வாரம் கான்கிரீட் போடுவதாக இருந்தது. தை வருவதற்குள் அதற்கு மேலேயும் ஏறிவிடும். உனக்கு மேளம் கொட்டி முடிக்கும்வரை அந்தப் பாரம் கீழே இறங்காமல் காத்திருக்குமா? நீ பக்குவமாகச் சொல்லப் போகிற நாளில் அந்த மூலைமேல் எத்தனை டன் உட்கார்ந்திருக்கும் என்று கணக்குப் போட உனக்கு நானா சொல்லித் தர வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகள் கட்டடம் பார்க்க வந்தார்கள். இப்போது தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருக்கிறார்கள், பாவம், புது ரூம் எப்போது வரும் என்று தினமும் கேட்கிறார்கள். ராமநாதபுரத்துப் பக்கத்துப் பெண் மாரியம்மாள், உனக்குத் தெரியும், டேபிளில் என் வலதுபக்கம் நிற்பாள். அவள் ஏணியில் ஏறி சென்ட்ரிங் பலகைவரை போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "அந்த மூலை ரூமு எங்களுக்குத்தான் குடுக்கணும்மா. ரெண்டு பக்கமும் சன்னல் வருமாம், இப்பவே காத்து அப்படி வருது. நானும் இந்த ஒடிசாக்காரப் புள்ளையும் இப்பவே சொல்லி வச்சிட்டோம்" என்றாள். எந்த மூலை என்று நான் கேட்கவே தேவையில்லை, அவள் கை நீட்டிய திசை போதும். நான் "பாக்கலாம் போ" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் விழுந்துவிட்டது. அவள்மேல் எனக்கு என்ன கோபம்? அந்த நிமிடத்தில் உன் கன்னத்தில் அறையக் கை பரபரத்தது, நீ பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் நித்யா வந்தாள். ஜாக்கெட் அளவுக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தாள், அளவு ஜாக்கெட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "ஏனுங்கத்த, அன்னிக்குப் பூஜையில அவரு ஆமாங்கன்னு சொன்னாரே, அவரு மொகம் ஆமாங்கன்னு சொல்லலீங்களே" என்றாள். நான் மட்டும்தான் பார்த்தேன் என்று இருந்தேன். மறைக்கவில்லை, ஒயர், கரண்டு, கேசிங் பைப், உருட்டுக்கல், வெடிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எங்கப்பாகிட்ட நா பொறந்ததுல இருந்து ஆமாங்க சொல்லீட்டிருக்கறனுங்க. எங்கம்மாவும் அதத்தான் சொல்லீட்டிருக்காங்க. ஊட்டுக்கு இன்னொரு ஆமாங்க எனக்கு வேண்டாமுங்கத்த" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். வாசல்வரை போய்த் திரும்பி நின்று, "அவருகிட்ட நா இதைப் போன்ல சொல்ல மாட்டனுங்க. சொன்னா அதுக்கும் செரீம்பாரு" என்றாள். உன்னை எனக்குத் தெரியும் என்று இருந்தேன். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் நான் வேலையை நிறுத்திவிட்டேன். இடம் என் பெயரில் இருக்கிறது, நிறுத்தினால் நின்றுதான் ஆக வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து துளைபோடுகிறவர்களை வரச்சொல்லியிருக்கிறேன். வருகிற புதன்கிழமை காலையில் வருகிறார்கள். அந்த மூலையிலேயே, அந்தக் கல்லுக்குள்ளேயே இறக்கி, கல்லைத் தாண்டியும் நன்றாகக் கீழே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தபடியே. உன் மாமன் கேள்விப்பட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அங்க ஓட்டை போட்டீங்கன்னா அது என்ற மூஞ்சீல போடற ஓட்டைங்கக்கா. அப்பறம் பொண்ணு குடுக்கறதப் பத்தி நா யோசிக்கோணும்" என்றான். "யோசி சாமி, நல்லா யோசி. யோசிக்காமத்தான் இந்த அளவுக்கு வந்திருக்குது" என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். உன் அப்பா அன்றிலிருந்து என்னுடன் பேசுவதில்லை, சாப்பாடு மட்டும் போட்டால் சாப்பிடுகிறார். இத்தனையும் உன் ஒரு வார்த்தையால் வந்தது. என்னால் வந்தது என்று இவர்கள் எல்லாரும் நினைக்கிறார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஒருவேளை அடியிலும் பாறையாகவே இருக்கலாம். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதை நம்பி நீ அங்கே உட்கார்ந்திருப்பாய். பாறை வந்தால் உன் மாமன் சொன்னது சரி என்று ஊர் சொல்லும். நான் அவன் வீட்டுக்குப் போய், ஒறம்பரை அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் உன்மேல் இருக்கிற கோபம் அப்போதும் போகாது. நீ சொன்னது சரியாகப் போனது வேறு, தெரிந்து சொன்னது வேறு. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சபையில் சொன்னாய், அதுவும் தெரியாது என்று உனக்கு மட்டுமே நன்றாகத் தெரிந்திருந்தபோது. சேறு வந்தால் அதற்கும் வழி உண்டு என்று நீயேதான் அன்றைக்குச் சொன்னாய், அந்த மூலைக்கு மட்டும் ஆழமாகத் தூண் இறக்கிக் கெட்டிப் பாறையில் ஊன்றலாம் என்று. வழி இருக்கிற ஒரு விஷயத்தை வாயைத் திறக்காமல் வழியில்லாமல் ஆக்கிவிடப் பார்த்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

புதன்கிழமை வா. எனக்காக வராதே, என் பக்கம் பேசவும் வராதே. துளை போடுவதற்கு முன்னால், என்ன வரும் என்று யாருக்கும் தெரியாத அந்த நேரத்தில், உன் மாமனிடம் போய், பாறையா இல்லையா என்று தெரியாமல்தான் அன்றைக்கு ஆமாங்க சொன்னேன் என்று நீ சொல்ல வேண்டும். துளை போட்ட பிறகு யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அதற்கு நீ தேவையில்லை. உன் மாமனுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன், எவ்வளவு கோபம் இருந்தாலும் அவன் வருவான். நித்யா லீவு போட்டுவிட்டாள். மாரியம்மாளையும் நிற்கச் சொல்லியிருக்கிறேன், படுக்கப் போகிறவள் அவள், பார்க்கட்டும். அன்றைக்கு நீ அங்கே வந்து நிற்காவிட்டால், தை மாதம் மணவறையில் உன் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி அந்தப் பெண்ணிடம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

உன் அம்மா